பதினோராம் படுக்கையின் குறிப்பு

மூன்றாம் வார்டின் தலைமை மருத்துவருக்கு மாணவர்கள் சூட்டியிருந்த பெயர் 'ஏழேகால்'. காலை ஏழேகால் மணிக்கு அவர் வார்டுக்குள் காலெடுத்து வைப்பதைப் பார்த்துச் செவிலியர்கள் தங்கள் கைக்கடிகாரங்களைத் திருத்திக்கொள்வார்கள். அவர் வீடு திரும்பும் நேரத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அப்படியொரு நேரம் அவரிடம் இருந்ததில்லை. மதிய உணவு என்பது அவரைப் பொறுத்தவரை நின்றுகொண்டே விழுங்கும் இரண்டு பிஸ்கட்.

அவருக்கு அறவே ஆகாத செயல் ஒன்று உண்டு. நோயாளிகளின் குறிப்புகள் கணினிக்குள் குடியேறிய நாள்முதல், பயிற்சி மருத்துவர்கள் நேற்றைய குறிப்பை நகலெடுத்து, இன்றைய தேதியில் ஒட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். ஒரு காலை இழந்த நோயாளிக்கு 'இரு கால்களிலும் வீக்கமில்லை' என்று மூன்று நாள் தொடர்ந்து எழுதியிருந்ததை அவர்தாம் கண்டுபிடித்தார். அன்று பிறந்தது சட்டம்: ஒட்டிப் பிடிபட்டவர், மதிய இடைவேளையில், எல்லாரும் பார்க்க, அந்நோயாளியின் நிலையைப் பத்து முறை, முன் எழுதியதைப் பார்க்காமல், கையால் எழுத வேண்டும்.

இதற்கிடையே, மருத்துவர்கள் களைத்துப்போகிறார்கள், வேலையையே விட்டுப் போகிறார்கள் என்பது காலங்கடந்தேனும் நிர்வாகத்துக்கு உறைத்தது. களைப்பைக் குறைப்பதற்காக ஒரு படிவம் கொண்டுவந்தார்கள். திங்கள்தோறும் ஒவ்வொரு மருத்துவரும் தம் உடல்நிலை, மனநிலையைக் கணினியில் எழுதி நலக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஏழேகாலுக்கு, வார்டை விட்டு விலக வேண்டிய அறுபது வயது நிறைய நான்கு மாதமே இருந்தது. இன்னும் மூன்றாண்டு வார்டும் மாணவர்களும் வேண்டுமென்று விண்ணப்பித்திருந்தார். நலக்குழு தலையசைத்தால் வார்டு. மறுத்தால் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் கிடக்கும் அறை.

ஆகவே, முதல் வாரம் கவனமாக எழுதினார்: 'நன்றாகத் தூங்குகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். மனம் நிறைவாக இருக்கிறது.' அடுத்த வாரம் அதையே நகலெடுத்து ஒட்டினார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. நோயாளியின் குறிப்பைத்தானே ஒட்டக் கூடாது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

பன்னிரண்டாம் திங்களன்று வினை வந்தது. பதினோராம் படுக்கையில் எழுபத்தெட்டு வயது முதியவர் ஒருவர் இருந்தார். அறுவை மருத்துவரின் கருத்தைக் கேட்பதற்காக முதியவரின் குறிப்பை ஏழேகால் நகலெடுத்திருந்தார். அந்நேரம் பார்த்துப் படிவத்தின் கெடு முடியப்போவதாகக் கணினி கூவ, கையிலிருந்ததை அவசரமாக ஒட்டி அனுப்பிவிட்டார்.

மறுநாள் மாணவர்கள் புடைசூழ நின்றபோது, வெளியூரிலிருந்து ஏழேகாலின் மகன் தொலைபேசியில் அழைத்தான். அவன் குரல் சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா, மறைக்காம சொல்லு. மூணு நாளா உனக்கு மோஷன் போகலையாமே?"

"யாருடா சொன்னது?"

"உன் ஆஸ்பத்திரிதான். 'மகனிடம் பேசி முடிவெடுக்கவும்'னு நீயே எழுதியிருக்கியாம். என்னம்மா முடிவு? பயமா இருக்கு."

மாணவர்கள் கூரையில் சுழலும் மின்விசிறியை ஆராய்ந்தார்கள்.

மாலையில் வீட்டில், நடந்ததைக் கணவரிடம் சொன்னார். நாளைக்குக் குழு விசாரிக்கப்போகிறது. எல்லாப் பழியையும் கணினியின் தலையில் போட்டுவிடலாம். மருத்துவமனையே அப்படித்தான் நடக்கிறது என்றார். நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற கணவர், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் அச்செடுத்து வந்திருந்த படிவத்தை வரிவரியாகப் படித்தார்: 'இரவில் தூக்கமில்லை. உணவில் நாட்டமில்லை. பணியாளர்களிடம் எரிந்து விழுகிறார். வீட்டுக்குப் போகிறேன் என்கிறார்; எழுந்து நடப்பதில்லை. கைத்தடி தேவை. மூன்று நாளாக மலச்சிக்கல்.'

"நாப்பது வருஷம் நிலம் அளந்தவன் நான்," என்றார் அவர். "மலச்சிக்கலையும் தடியையும் கழிச்சிட்டா, மிச்சமெல்லாம் உன் எல்லைக்குள்ளதான் வருது. போன பதினோரு வாரமா எழுதினியே, அதுதான் வேற யாரோட குறிப்போ."

அன்றிரவு ஏழேகால் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டாரென்பதை மட்டும் கணவர் கவனித்தார்.

புதன்கிழமை அவரை நலக்குழுவிடம் அழைத்துப்போகச் சக்கர நாற்காலியுடன் ஒரு பணியாளர் வந்து நின்றார். மேடம் நடப்பதில்லையாமே என்று பரிவோடு விசாரித்தார். ஏழேகால் நாற்காலியில் கோப்புகளை அமர்த்திவிட்டு, தாம் முன்னே நடந்தார்.

குழுத் தலைவர், ஒரு காலத்தில் அவரிடம் பத்து முறை எழுதிக் கை வீங்கிய மாணவர். பழைய மரியாதை இன்னும் விட்டுப்போகாததால், தப்பிக்க அவரே வழி காட்டினார்.

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு போட்டுடலாமா, மேடம்?"

ஆமாம் என்ற ஒரே சொல்லில் வார்டு அவர் கைக்கு வந்துவிடும். ஏழேகால் ஒரு கணம் மேசையைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணல. ஒட்டினது நான். அதுக்கு முன்னாடி பத்து வாரமும் ஒட்டினதுதான்."

"அப்போ இதுல எதுதான் மேடம் உண்மை?"

"தூக்கமில்ல. சாப்பாடில்ல. எல்லார்மேலயும் எரிஞ்சு விழறேன். வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போறதில்ல. இது நாலும் உண்மை. வயிறு நல்லாத்தான் இருக்கு."

தலைவர் சிரிப்பை அடக்கிய அடக்கில் அவருக்கு இருமல் வந்தது. கூடிப் பேசிய பிறகு முடிவைச் சொன்னார்கள்: மூன்றாண்டு வார்டு அவருக்கே. ஆனால் பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை அவர் வார்டுக்குள் நுழையக் கூடாது. மாலை ஆறுக்கு மேல் தென்பட்டால், அறையைப் பூட்டும் அதிகாரம் தலைமைச் செவிலியருக்கு உண்டு. எழுந்து புறப்பட்டவரைப் பார்த்துத் தலைவர் தயங்கினார்.

"மேடம்... அந்தப் பத்து தடவை..."

"தெரியும்," என்றார் ஏழேகால்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு மாணவர் அறையில், உணவு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தம் நிலையைத் தாமே எழுதத் தொடங்கினார். நான்கு பக்கம் முடிந்தபோது, போன மாதம் ஒட்டிப் பிடிபட்டுப் பத்து முறை எழுதிய ஒரு பயிற்சி மருத்துவர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், ரெண்டாவது பக்கத்துலேர்ந்து ஒரு எழுத்துகூட மாறலையே. மொதல் பக்கத்தைப் பாத்தா எழுதறீங்க?"

ஏழேகால் மூன்று பக்கங்களைக் கிழித்துப் போட்டார். பிறகு, சாப்பிட்டு முடித்துவிட்டு எழுதினால்தான் எழுதுவதற்குப் புதிதாக ஏதேனும் இருக்கும் என்று டப்பாவை அருகில் இழுத்துக்கொண்டார்.

அடுத்த திங்களன்று நலக்குழுவுக்குச் சென்ற படிவத்தில் இப்படி இருந்தது: 'தூக்கம் ஐந்து மணி நேரம், போதவில்லை. மதிய உணவு நான்கு நாள் உட்கார்ந்து. ஒரு நாள் நின்றுகொண்டு. எரிந்து விழுந்தது இரண்டு முறை. ஒரு முறை நியாயமாக. பதினோராம் படுக்கைக்காரர் கைத்தடியுடன் வீடு திரும்பினார். நான் கைத்தடியில்லாமல், ஆறு மணிக்கே. மகனுக்குத் தகவல் தர வேண்டாம். நேற்று நானே பேசினேன்.'