வைன் சொல்லிக்கொடுத்தவர்

வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு விருந்துக்குப் போகிறவர்களுக்கு வைனை ருசிக்கத் தெரிய வேண்டும் என்று, எங்கள் பம்ப் கம்பெனி எங்களை அவிநாசி சாலை ஓட்டல் ஒன்றுக்கு அனுப்பியது. சொல்லிக்கொடுத்தவருக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒவ்வொரு வாய் வைனையும் கொப்பளித்து வாளியில் துப்பினார். நான் பழக்கதோஷத்தில் கிளாசைத் தூக்கி அண்ணாந்து ஊற்றி, சட்டையை நனைத்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

“வாய் வெச்சுக் குடிங்க. மூக்கு கிளாசுக்குள்ள போனாத்தானுங்க வாசம் தெரியும்.”

வகுப்பு முடிந்ததும் கேட்டேன்: “ஏனுங்க, நீங்க ஒரு சொட்டுக்கூட முழுங்கலீங்களே?”

“இன்னைக்கு இது மூணாவது வகுப்புங்க. முழுங்குனா நிக்க முடியாதுங்க.”

நாற்காலியில் சரிந்தார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து, கண்ணை மூடி மடமடவென்று குடித்தார்.

அன்று குடித்த எந்த வைனின் ருசியும் எனக்கு நினைவில்லை. அந்தத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.