வேறுபட்டவரின் கையெழுத்து

எங்கள் அலுவலகத்தில் என்னை இரண்டு விஷயங்களுக்குத் தவறாமல் தேடுவார்கள். வருடத்தில் ஒருநாள், எல்லா இனத்தாரும் ஒன்றே என்று செம்மஞ்சள் சட்டை போட்டுக் கொண்டாடும்போது மட்டன் ரோல்ஸ் கொண்டுவருவதற்கு. மற்றது, ஆள் எடுக்கும் நேர்முகக் குழுவில் உட்காருவதற்கு.

சிட்னியின் மேற்குப் பக்கத்து நகரசபை ஒன்றில் மழைநீர் வடிகால் வடிவமைப்பது என் தொழில். அங்கே ஒரு விதி உண்டு. நேர்முகக் குழுவில் மூன்று பேர் இருக்கவேண்டும், அதில் ஒருவராவது 'வேறுபட்ட பின்னணி' கொண்டவராக இருக்கவேண்டும். மூன்றாம் மாடியில் வேறுபட்டவன் நான். என்னிலிருந்து மற்றவர்கள் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

மேசைக்கு அந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன். குழுத் தலைவர் பதவிக்கு நான்கு தடவை விண்ணப்பித்தேன். பதவி காலியாகக் கிடக்கும்போதெல்லாம் தற்காலிகத் தலைவராக இருந்து, புதிதாக வந்தவருக்கு எந்தக் கோப்பு எந்த அலுமாரியில் என்று காட்டிக்கொடுத்ததும் நான்தான். நான்கு தடவையும் ஒரே பதில்: "மிக நெருங்கி வந்தீர்கள்." தமிழர் நிறைந்த பென்டில் ஹில்லில் ரயில் ஏறி வருகிறவன் இவ்வளவு நெருங்கியதே பெரிய காரியம் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

நான்காவது தடவை குழுவில் வேறுபட்டவராக உட்கார்ந்தவர் ஒரு மலேசியத் தமிழர், ஓய்வுபெறும் வயது. முடிவு வந்த அன்று தேநீர் அறையில் என் தோளைத் தட்டி, "அடுத்த தடவை கிடைக்கும் லா, தம்பி" என்றார். என்னை வேண்டாம் என்ற தாளில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. அதற்குப் பிறகு நான் அவரோடு ஒரே லிஃப்டில் ஏறவில்லை. படியேறிப் போய் முழங்கால் கெட்டதுதான் மிச்சம். அவர் ஓய்வுபெற்றதும் அந்தக் கதிரையில் என்னைப் போட்டார்கள். நானும் வந்த தாள்களிலெல்லாம் கையெழுத்து வைத்தேன்.

போன வருடம் மூத்த பொறியியலாளர் ஒருவர் தேவைப்பட்டார். குழுவில் எங்கள் மேலாளர், மனிதவளப் பிரிவுப் பெண்மணி, நான். மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தோம். ஒருவர் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று வரவில்லை. மிச்சம் இரண்டு பேர்.

முதலில் வரவிருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். ஊரில் பத்து வருடம் குளங்களைப் பார்த்த பொறியியலாளர். இங்கே செவன் ஹில்ஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார். பெயரைப் பார்த்ததும் மனிதவளப் பெண்மணி என் பக்கம் திரும்பினார்.

"இவர் உங்களுக்குத் தெரிந்தவரா? தெரிந்தவரென்றால் படிவத்தில் எழுதவேண்டும்."

"தெரியாது."

"உறவும் இல்லையே?"

"இந்த ஊரில் எனக்கு உறவில்லாத தமிழரும் இருக்கிறார்கள்" என்றேன். சிரித்தார்கள். என் பகிடிகளுக்கு எப்போதும் நல்ல வரவேற்பு.

அந்தப் பெண் வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். குழாயின் அளவை எப்படித் தீர்மானிப்பீர்கள் என்ற கேள்விக்குத் தாளில் கீறியே காட்டினார். ஒரு பிழை இல்லை. அடுத்த கேள்வி: நீங்கள் பெருமைப்படும் ஒரு சாதனையைச் சொல்லுங்கள். ஒரு மாரியில் குளம் நிரம்பி, கட்டு உடைகிற நிலைக்கு வந்ததாம். நேரத்துக்கு வான்கதவைத் திறந்ததில் கீழே இருந்த ஊர் தப்பியதாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "எங்கள் மேலதிகாரி சேர் நல்ல வழிகாட்டி. வேலையாட்களும் மிகவும் பாடுபட்டார்கள்" என்று முடித்தார்.

மேலாளர் குறிப்பெடுத்தது எனக்குத் தெரிந்தது: சொந்தப் பங்களிப்பு இல்லை.

இந்த நோய் எனக்கு நன்றாகத் தெரியும். தன்னைத் தானே புகழ்கிறவன் அற்பன் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அதனால் என் முதல் நேர்முகத்தில், எனக்கு எல்லாம் சொல்லித்தந்தவர் என் முன்னாள் தலைவர் என்று உருகினேன். அந்தத் தலைவருக்குப் பாராட்டுக் கடிதம் போனது. வேலை இன்னொருவருக்குப் போனது.

அச்சடித்த கேள்விகளைத் தவிர வேறு கேட்கக்கூடாது என்பதும் விதி. கேட்டேன்.

"அன்றைக்கு உங்கள் சேர் எங்கே இருந்தார்?"

அவர் தயங்கினார். "கொழும்பில். ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்."

"அப்படியானால் கதவைத் திறக்கச் சொன்னது யார்?"

ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலக் குரலைத் தாழ்த்தி, "நான்" என்றார்.

"அந்தக் கேள்வி பட்டியலில் இல்லை" என்றார் மனிதவளப் பெண்மணி.

அடுத்தவர் உள்ளே வந்ததும் மேலாளர் எழுந்து, "முழங்கால் எப்படி, மேட்?" என்று கைகுலுக்கினார். இரண்டு பேருடைய மகன்மாரும் சனிக்கிழமைகளில் ஒரே அணியில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று யாரும் படிவத்தை நீட்டவில்லை. என் முழங்காலும் அன்றைக்கு வலித்தது. அதையும் யாரும் கேட்கவில்லை.

குழாய்க் கேள்விக்கு அவர், "பையன்களில் ஒருவரிடம் கொடுத்து அளவைப் பார்க்கச் சொல்வேன்" என்றார். தலைமைப் பண்பு, வேலையைப் பகிரும் திறன் என்று மேலாளர் எழுதினார். அந்தப் பையன்களில் ஒருவன் நான். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

பிறகு புள்ளி போட உட்கார்ந்தோம். "இவரோடு ஒரு பியர் குடிக்கலாம். நம் குழுவுக்குப் பொருந்துவார்" என்றார் மேலாளர். "அந்தப் பெண்ணும் நல்லவர்தான். ஆனால் உள்ளூர் அனுபவம் இல்லை."

"எங்கள் ஊரிலும் தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும்" என்றேன்.

"நீ ஒரு பகிடிக்காரன்" என்று சிரித்தபடி, கிரிக்கெட் நண்பரைத் தெரிவுசெய்த படிவத்தைக் கையெழுத்துக்காக என் பக்கம் தள்ளினார். எனக்கு உறைத்தது அப்போதுதான். இருபது வருடமாகச் சொல்லவேண்டியதையெல்லாம் பகிடியாகச் சொல்லி, அவர்களையும் சிரிக்கவைத்து, நானும் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். அவர்கள் கேட்கவில்லை என்று குறைசொல்ல என்ன இருக்கிறது? திங்கட்கிழமை தருகிறேன் என்று படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் குசினிக்குள் அடுப்பருகே நின்ற மனைவி திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா, முகம் சுண்டிப்போய்க் கிடக்கு?"

சொன்னேன்.

"அந்த மலேசியாக்காரர் கையெழுத்து வைச்சார் எண்டு எத்தினை வருசம் திட்டினீங்கள்?"

"அது வேற."

"என்ன வேற? இனி உங்களைத் திட்ட ஒரு ஆள் வேணுமோ? செவன் ஹில்ஸில ஒரு ஆள் இருக்குப் போல."

திங்கட்கிழமை படிவத்தைக் கையெழுத்தில்லாமல் கொடுத்தேன். கூடவே ஒரு தாள். குழாய்க் கேள்விக்கு இரண்டு பேரும் சொன்ன பதில்களை ஒன்றுக்கொன்று பக்கத்தில் அப்படியே எழுதியிருந்தேன். கீழே கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வரி. பகிடி எதுவும் சேர்க்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

மேலாளர் இரண்டு தடவை வாசித்தார். "வேறு ஆளைப் போடவேண்டி வரும்" என்றார்.

"போடுங்கள். ஆனால் நேர்முகத்தில் இல்லாதவர் கையெழுத்து வைக்க முடியாது. உங்கள் விதி அது."

"உனக்கு என்ன பிரச்சினை?"

"குழுவில் வேறுபட்டவர் இருந்தார் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுவீர்கள். அந்த வரி நான்தான். இந்தத் தடவை அதை எழுத விடமாட்டேன்."

சொல்லிவிட்டுப் பேனாவைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டேன். வீரம் என்றால் என் விஷயத்தில் இவ்வளவுதான். மனிதவளப் பெண்மணி என் தாளை எடுத்து, கடைசி வரியை வாசித்துவிட்டு மேலாளரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

வேறு குழு போட்டு, இரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டார்கள். வேலை அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது. என்னை அதற்குப் பிறகு எந்தக் குழுவுக்கும் கூப்பிடவில்லை. மூன்றாம் மாடிக்கு வேறொரு வேறுபட்டவரைத் தேடிக்கொண்டார்கள்.

முதல் நாள் வரவேற்புத் தேநீரில் அந்தப் பெண், தன்னை நம்பி வேலை தந்த மேலாளரின் பெருந்தன்மைக்கு நன்றி சொன்னார். மேலாளர் அடக்கமாகத் தலையசைத்தார். குழுவில் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது. கேக் துண்டு ஒன்றை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் செம்மஞ்சள் சட்டை நாளுக்கு அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் சேர்த்து மின்னஞ்சல் வந்தது: உங்கள் சுவையான உணவுகளைக் கொண்டுவர முடியுமா? அவர் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணை, நீங்கள் என்ன எழுதினனீங்கள்?"

"ஒண்டும் எழுதேல்லை. ஒவ்வொரு வருசமும் ரோல்ஸ் கொண்டாறனான்."

"நான் ஏலாது எண்டு எழுதிப்போட்டன். அண்டைக்கு எனக்கு சைட்டில வேலை. புதுக் கால்வாயில தண்ணி விடுறம்."

"மேலாளருக்கும் நகல் போட்டனீங்களோ?"

"ஓம். அவரைச் சமைக்கச் சொல்லி எழுதினனான்."

"அது ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை" என்றார். "நான்தான்."

மின்னஞ்சலைத் திறந்து அவருடைய பதிலுக்குக் கீழே, நானும் வரமாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். பிறகு தலைக்கவசத்தை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே, அன்றைக்குக் கால்வாயில் எனக்கு என்ன வேலை என்று அவரிடம் கேட்டேன்.