எலும்புக்குப் பதிலாக ஓர் ஆணி

என் கணவரின் வலது மணிக்கட்டை உடைத்தது ஒரு பழைய கார். இந்த இத்தாலிய நகரத்தின் லிபெர்த்தா வீதியில் அவர் வேலை செய்யும் வீட்டு முதலாளியின் கார் அது. முன்னால் கைபிடியைச் செருகிச் சுற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். சுற்றுவது என் கணவர். அதற்கு முன், எஞ்சின் திருப்பி உதைக்காதபடி தீப்பொறி நெம்பைப் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டியது உள்ளே இருக்கும் முதலாளி. அன்றைக்கு யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தவர் அதை மறந்துவிட்டார். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தது, கைபிடியும் அதோடு திரும்பியது.

என் கணவர் கைபிடியைப் பிடித்த விதம்தான் பிழை என்றாராம் முதலாளி.

நான் வாகன மின்வேலைக் கடையொன்றில் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுகிறவள். இந்தக் காருக்கு ஒரு ஸ்டார்ட்டர் செய்து தருகிறேன் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். காரில் ஒரு துளைகூடப் போடக்கூடாது, பழமை கெட்டுவிடும் என்றார். கைபிடிக்கும் வழி விட வேண்டும், அது அழகாம். இரும்புக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதை எலும்புக்கு இல்லை.

எனக்கும் வீம்பு வந்தது. கார் எங்கள் கடைக்கு வந்ததும் துளை போடாமலே மோட்டரைக் காரின் அடிச்சட்டத்தில் இறுக்கிப் பிடிக்கும்படி ஒரு பிடி செய்தேன். கைபிடி செருகும் இடத்தைச் சுற்றி ஒரு பற்சக்கரம், அதிலிருந்து மோட்டருக்கு ஒரு சங்கிலி. முதல் சோதனையில் மோட்டர் முனகியது, கம்பியில் பூசிய வார்னிஷ் கருகி மணத்தது, எஞ்சின் அசையவே இல்லை. தடித்த கம்பியால் திரும்பச் சுற்றினேன். பற்சக்கரத்தையும் பெரிதாக்கினேன். பிறகு எஞ்சின் சுழன்றது, கிளம்பியும் விட்டது.

அது எனக்குப் போதவில்லை. எஞ்சின் திருப்பி உதைத்தால் முதலில் முறியட்டும் என்று பற்சக்கரத்தில் ஒரு மெல்லிய பித்தளை ஆணி வைத்திருந்தேன். வேண்டுமென்றே நெம்பை முன்னுக்குத் தள்ளிவிட்டு ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று ஆணி முறிந்தது. பக்கத்தில் நின்ற என் கணவர் தன் மணிக்கட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

வியா மக்வேதா தெருவில் பழைய கார்கள் கண்காட்சிக்கு வரிசை கட்டிய ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். முதலாளி இருக்கையில் இருந்தபடி என் கணவரிடம், சனம் பார்த்து நிற்கிறது, இன்றைக்கு மட்டும் கையால் சுற்று என்றார். கட்டு அவிழ்த்து அதிக நாள் ஆகாத கையோடு இந்த மனிசன், "சி, சிஞ்ஞோரே", சரி ஐயா, என்று கைபிடியைத் தூக்கினார்!

"இஞ்சை தாங்கோ அதை" என்று பறித்தேன். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். கைபிடியை முதலாளியின் மடியில் வைத்தேன்.

"நீங்களே சுற்றுங்கள், சிஞ்ஞோரே. நெம்பை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இத்தாலியனில் சொன்னேன்.

அவர் கைபிடியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

எஞ்சின் உடனே கிளம்பியது. சனம் அவருக்குக் கைதட்டியது. திரும்பினால் என் கணவரும் தட்டிக்கொண்டு நிற்கிறார். முதலாளியில் வந்ததைவிட அவரில்தான் எனக்குக் கோபம் வந்தது.

"நீங்கள் என்னத்துக்குத் தட்டுறியள்?"

"நீர் மோட்டரைச் சோதிச்சீர்" என்றார். "நான் என்ர கையைச் சோதிச்சுப் பாக்கிறன்."