எட்டு வயது என்று நான் எழுதிய எலும்பு

பழைய எலும்புகளைப் பார்த்து வயதும் நோயும் சொல்வது என் வேலை. திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் தோண்டிய முதுமக்கள் தாழி ஒன்றில் குட்டையான கை, கால் எலும்புகள் கிடைத்தன. அளந்துவிட்டு, எட்டு வயதுப் பிள்ளை என்று பதிவேட்டில் எழுதினேன்.

மறுவாரம் இதே வேலைக்கு மதுரையிலிருந்து இன்னொருத்தி வந்தாள். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவள். நான் எம்.ரெட்டியபட்டிக்காரி என்பதால், தோண்ட வந்த பெண்களுக்கு நான் வெறும் 'நம்ம ஊருப் பிள்ளை'. அவளையோ இரண்டாம் நாளே 'டாக்டரம்மா' என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் பின்னறையில் எலும்புகளைப் பரப்பியிருந்தோம். அவள் மேல்கை எலும்பை எடுத்து, அதன் முனையை விரலால் தடவினாள். தறிச் சத்தத்தில் கேட்காது என்று என் காதருகே வந்தாள்.

"அக்கா, முனை ஒட்டிப்போச்சு. இது வளந்த ஆளு. பிறவியிலேயே குள்ளம்."

வளரும் பிள்ளைக்கு எலும்பின் முனை தனித் துண்டாக இருக்கும். வளர்ச்சி நின்ற பிறகே ஒட்டும். முதலாண்டுப் பாடம் அது. நான் நீளத்தை மட்டும் பார்த்திருந்தேன். பெற்றோர் உயரமானவர்களாக இருந்தாலும், கருவில் ஒரு மரபணு பிசகினால் இப்படிப் பிறப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மண்டை ஓடு நொறுங்கியிருப்பதைக் காட்டி, எதை வைத்து உறுதியாகச் சொல்கிறாய் என்று மடக்கினேன். தாடை கிடைத்தால் போதும், பல்லே வயதைச் சொல்லிவிடும் என்றாள்.

தாடை என் பெட்டியில், தாழியின் அடிமண்ணோடு துணியில் கட்டி, நான் பிரிக்காமலே கிடந்தது. அவள் சாப்பிடப் போனதும் பிரித்தேன். கடைசிக் கடைவாய்ப்பல் வரை முளைத்துத் தேய்ந்திருந்தது. பெரிய ஆள்தான். மறுபடி கட்டி, பெட்டியை மூடினேன்.

இரண்டு நாள் அவள் தாடையைத் தேடிக் காட்டில் மண்ணைச் சலித்தாள். நான் நிழலில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் நாள், தோண்ட வந்த பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"அவுக ஒத்தையாச் சலிச்சுக்கிட்டிருக்காக. நீ ஒத்தாசைக்குப் போகலையா, தாயி?"

அன்று சாயங்காலம் தாடையை அவள் முன்னால் வைத்தேன்.

"எங்கிட்டதான் இருந்துச்சு. நீ சொன்னது சரின்னு பொறுக்க முடியல."

அவள் முதலில் பல்லைத்தான் பார்த்தாள். பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளி, என்னையே திருத்தி எழுதச் சொன்னாள். எழுதினேன். அதன்பின் ஊருக்குப் போகும்வரை வேலையைத் தவிர வேறு எதையும் அவள் என்னிடம் பேசவில்லை.

அறிக்கையில் அவள் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. அது நியாயம்தான். இருந்தும் அந்தப் பக்கத்தை இன்றைக்கும் வேகமாகத்தான் புரட்டுகிறேன்.