நடக்கும் வரைக்கும்

என் மகனுக்கு இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனபோது அவனுக்கு இரண்டு வயது. தென்காசியில் பார்க்காத வைத்தியமில்லை. கடைசியில் குற்றாலத்துக்கு மேலே, காட்டுக்குள் இருக்கிற அம்மன் முன்னால் போய் விழுந்தேன். "இவன் நடக்கும் வரைக்கும் வருஷா வருஷம் சித்திரைப் பௌர்ணமிக்கு இவனைச் சுமந்துக்கிட்டு உன் வாசலுக்கு வாரேன்" என்று நேர்ந்துகொண்டேன். வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம். இடுப்புப் பிள்ளை ஒரு சுமையா என்று அப்போது நினைத்தேன். பிள்ளைகள் வளரும் என்பது யாருக்குத்தான் தெரியாது?

அவன் நடக்கவில்லை. நான் சுமந்தேன். இடுப்பிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முதுகுக்கும் மாறினான். கோவிலுக்கு ஒற்றையடிப் பாதைதான், பாறையும் வேருமாகச் செங்குத்தாக ஏறும். சித்திரை வெயிலில் அருவியும் வற்றிக் கிடக்கும். பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கிப் பழகிய என் கணவர் "எங்கிட்ட குடு" என்று ஒவ்வொரு வருஷமும் கை நீட்டுவார். நேர்ந்தவள் நான், எப்படிக் கொடுப்பேன்? வீடு திரும்பினால் ஒரு வாரத்துக்குக் குனிந்து நிமிர முடியாது. அடுத்த பௌர்ணமியை நினைத்தாலே எரிச்சல் வரும். அம்மன் மேலேயே வந்திருக்கிறது.

அவனுக்குப் பத்து வயது ஆகும்போது, அறுபதுகளின் தொடக்கத்தில், காட்டுக்குள் ரோடு போடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. மலைமேல் இருந்த காட்டிலாகா பங்களாவுக்கு மிருகம் பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்காகத்தான் அந்த ரோடு. யாருக்காகப் போட்டால் எனக்கென்ன? கோவிலை ஒட்டித்தான் போகிறது என்றதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இனி ஜீப்பில் கூட்டி வரலாமா என்று பூசாரியிடம் கேட்டேன்.

"சுமந்துக்கிட்டு வாரேன்னு சொன்னது நீயா, ஜீப்பா?" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று சும்மாவா சொன்னார்கள்.

ரோடு முடிந்ததும் பழைய பாதையை முள்வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். மிருகங்கள் நடமாடுகிற இடமாம், மனிதர்கள் ரோட்டோடுதான் போக வேண்டுமாம். வண்டி ஏறுவதற்காகப் போட்ட ரோடு நேராகவா போகும்? மலையை வளைத்து வளைத்துப் போனது. செங்குத்து குறைந்தது, தூரம் பெருகிவிட்டது. அடுத்த சித்திரையில் அவனை முதுகில் சுமந்து ஏறும்போது ஜீப்புகள் ஹாரன் அடித்துப் புழுதி கிளப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போயின. மூன்றாவது வளைவில் முடியாமல் போய், பள்ளத்துப் பக்கம் கட்டியிருந்த குட்டைச் சுவரில் அவனை இறக்கி உட்காரவைத்தேன்.

மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினால் அவன் இறங்கி நின்றுகொண்டிருந்தான். வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நகருவான். அதை நாங்கள் யாரும் நடை என்று சொன்னதில்லை. பழைய பாதையில் அவன் பிடிக்கச் சுவரும் இல்லை, கால் வைக்கச் சமதரையும் இல்லை. இப்போது குட்டைச் சுவரில் கை ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்துப் போக ஆரம்பித்தான்.

"ஏலே, விழுந்துருவ, உக்காரு" என்றேன். திரும்பவே இல்லை. சுவர் முடிகிற இடம்வரை போய்த்தான் உட்கார்ந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"நடந்துட்டேன்லா எம்மா. இனி என்னைத் தூக்காத."

"இதெல்லாம் நடையாலே?"

"எவ்ளோ தூரம் நடக்கணும்னு அம்மன்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லைதான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவுதான் என்றால் இத்தனை வருஷம் எதற்கு முதுகொடிந்தேன்? "உனக்கு என்னலே வந்துச்சு? சுமக்குதது நான்தான!" என்று கத்திவிட்டேன்.

அவன் உதடு கோணியது. "உன் மூச்சு எங் காதுக்குள்ளயே கேக்கும் எம்மா. ஏறி முடிக்கதுக்குள்ள நீ செத்துப் போயிருவியோன்னு வருஷா வருஷம் பயந்துக்கிட்டே வருதேன்."

பின்னால் வந்துகொண்டிருந்த அவன் அப்பா நடுரோட்டில் போய் நின்று, வந்த ஜீப்பைக் கை காட்டி நிறுத்தினார். மூன்று பேரும் ஏறினோம்.

கோவில் வாசலில் பூசாரி எங்களைப் பார்த்தார். "என்னம்மா, ஜீப்புலயா?"

"அவன் நடந்துட்டான்" என்றேன்.