சுவருக்குக் காய்ச்சல் பார்ப்பவர்

புறங்கையைச் சுவரில் வைக்கிறார் சகீனா தாத்தா. பிள்ளையின் கழுத்தைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது போலத்தான். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார், "ச்சு" கொட்டுகிறார், இரண்டடி தள்ளிப்போய் மறுபடி வைக்கிறார். மேற்குச் சுவரைப் பார்த்து முடித்ததும் படியேறி மொட்டை ஸ்லாப்புக்குப் போவார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பார். இறங்கி வரும்போது அவர் முகத்தைப் பார்த்தே அன்றைய வெயில் எப்படி என்று நான் சொல்லிவிடுவேன். வானொலியில் சொல்வதை நான் நம்பி நாளாயிற்று.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். திகனச் சந்தியிலிருந்து இறங்குகிற இந்தச் சந்தில் அவரைவிட வயதில் மூத்த நானும் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அந்த ஆளுக்குப் பொருந்தாது. என்னை அவர் டீச்சர் என்பார். ஓய்வுபெற்றுவிட்டேன் என்று பல தடவை சொல்லியும் கேட்கவில்லை.

ஆள் கட்டை, குரல் நெட்டை. முழங்கை வரை கோதுமை மா ஒட்டியிருக்கும். கல்யாண வீடுகளுக்குப் பெட்டிஸும் ரோல்ஸும் வட்டிலப்பமும் செய்து கொடுப்பவர். எவ்வளவு பெரிய ஓடரைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் "செய்வோம், அதுக்கென்ன" என்பார். முடியாது என்பதற்கு அவர்கள் பேச்சில் "ஏலா" என்றொரு சொல் இருக்கிறது. அதை அவர் வாயிலிருந்து நான் கேட்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். அதற்கு வருகிறேன்.

கண்டிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் வீட்டை முடிப்பதே இல்லை. கீழ்த்தளத்துக்கு மேல் கொங்கிரீட் ஸ்லாப்பைப் போட்டு, தூண் தலைகளிலிருந்து இரும்புக் கம்பிகளை வானத்துக்கு நீட்டி விட்டுவிடுவார்கள். மேல்மாடி பிறகு எழும்பும் என்று அர்த்தம். சகீனா தாத்தாவின் கணவர் மஹ்ரூப் முதலாளியும் அப்படித்தான் விட்டார். கீழ் வீடு மூத்த மகள் சித்தி றலியாவுக்கு, மேல் வீடு இளையவள் பஸீஹாவுக்கு. மகளுக்கு வீடு கொடுப்பது அவர்கள் குடும்பங்களில் பேச்சுக்கே இடமில்லாத காரியம். சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த மனிதர், தன் கடைக் கம்பியிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்து, பக்கத்தில் நின்று கட்டுவித்தார். ஊருக்கெல்லாம் சிமெந்து விற்றவருக்கு வெயில் எந்தப் பக்கம் விழும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. பாதை மேற்கே இருந்தது, வீடும் மேற்கே பார்த்தது.

பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. கட்டிலும் குளியலறையும் ஒன்றாக அமைந்த அறை ஒன்றுதான் இருந்தது. அது மேற்கு மூலை அறை. பகல் முழுக்கத் தலைக்கு மேல் ஸ்லாப் காயும், பின்னேரம் சுவரில் வெயில் நேராக அடிக்கும். பேச முடியாத மனிதர் சூடு தாங்காமல் இடது கை வெள்ளி மோதிரத்தால் சுவரில் தட்டுவார். மூன்று மணிக்குத் தொடங்கும் அந்த டக் டக், மதிலுக்கு இந்தப் பக்கம் என் சமையலறை வரை கேட்கும். கேட்டுக்கொண்டு என்னால் தேநீர் குடிக்க முடிந்ததில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "ஃபேன் என்ன செய்யிது டீச்சர்? மேல ஈக்கிற சூட்ட அள்ளி இவருக்கு மேல கொட்டுது" என்பார் தாத்தா. ஏஸி போடலாமே என்று ஒருமுறை வாயை விட்டேன். "கரண்ட் பில்லப் பாத்து எனக்கும் பாரிசவாதம் வந்தா எங்க ரெண்டு பேரையும் நீங்களா பாக்கப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

போன வெயில் காலத்தில் முதலாளியின் முதுகெல்லாம் கொப்புளம். றலியா வந்து தகப்பனைக் கொழும்புப் பக்கம் தெஹிவளையில் தான் குடியிருக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே குளிரூட்டிய அறை, நல்ல கட்டில், எல்லாம் இருந்தன. மனிதர் சாப்பிட மறுத்துவிட்டார். கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாராம். பயந்துபோய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டாள். விட்ட கையோடு, "அடுத்த வெயிலுக்கும் இப்பிடித்தான் எண்டா நான் பாத்துட்டு இருக்க மாட்டேன் உம்மா. திங்காட்டி ட்யூப் போட்டாவது வெச்சிக்குவேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகப்பன் முதுகைப் பார்த்த மகள் வேறு எப்படிப் பேசுவாள்?

தாத்தா ஒன்றும் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. "நோன்பு மாசத்து வெயில்ல வா. மூணு மணிக்கு வந்து இவருக்குப் பக்கத்துல நில்லு. இவர் சுவருல தட்டினா, நானே பேக் கட்டித் தாரேன்" என்றார். நான் மதிலருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனுஷி எதை நம்பி இப்படிப் பந்தயம் கட்டுகிறார்?

தெல்தோட்டையிலிருந்து அழகர் பாஸை வரவழைத்தார். அழகர் இந்தப் பக்கத்து மேசன்மாரில் கை சுத்தமானவர். ஸ்லாப்பில் ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "லேசான வேலைங்கம்மா. இந்தக் கம்பிகள வெட்டிட்டு மேல கூரைத் தகடு போட்டுருவோம். நெழலு விழுந்துச்சுன்னா வீடு தன்னால ஆறிரும்" என்றார். நியாயமான யோசனைதான். பஸீஹாகூட, "வெட்டுங்க உம்மா. எனக்கு மேல் வீடு வாணாம், வாப்பா இங்கயே இருந்தாக் காணும்" என்றாள். அப்போதுதான் கேட்டேன் அந்தச் சொல்லை.

"ஏலா" என்றார் சகீனா தாத்தா. "இது அவர் நின்டு கட்டுவிச்ச கம்பி. மனிசன் படுத்துட்டார் எண்டு அவர் குடுத்த வாக்கையும் வெட்டிப் போடவா? கம்பியும் இருக்கோணும், இவரும் இருக்கோணும்."

எங்கிருந்து யோசிக்கத் தொடங்கினார் தெரியுமா? போறணையிலிருந்து, பாண் என்கிற ரொட்டியை வேகவைக்கும் அடுப்பிலிருந்து. அவருடைய வாப்பா கம்பளையில் பேக்கரி வைத்திருந்தவர். விறகை இழுத்துப் போட்ட பிறகும் செங்கல் போறணை பின்னேரம் வரை பாண் வேகவைக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர் இவர். "எங்கட வீடும் போறணைதான் டீச்சர். பகல்ல சூரியன் தீ மூட்டுது, ராவைக்கு நாங்க வேகுறோம். உள்ள தண்ணி தெளிச்சி என்ன, ஃபேன் போட்டு என்ன? தீயத்தான் வெளிய நிப்பாட்டோணும்." இதைச் சொன்ன நாளிலிருந்துதான் சுவருக்குக் காய்ச்சல் பார்க்கும் பழக்கம் வந்தது.

எடுத்தவுடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் மேற்கு ஜன்னலைப் பலகை அடித்து மூடினார். உள்ளே போன சூடு வெளியேற வழியில்லாமல் அறை இன்னும் புழுங்கியது. அடுத்த நாளே பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார். பிறகு ஸ்லாப்புக்குச் சுண்ணாம்பு அடித்தார். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று யாரோ சொன்னார்களாம், சொன்னது உண்மைதான். ஆனால் காயுமுன்னே மழை கொட்டி, அத்தனை சுண்ணாம்பும் என் கொடியில் காய்ந்த சேலைகளில் வடிந்தது. நான் சேலையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன். "உங்கட சேல நல்லா வெளுத்தீக்கி டீச்சர்" என்று சிரித்தார். சிரித்தவர் சேலைகளைத் துவைத்தும் கொடுத்தார். மழை விட்டபின் மறுபடி அடித்த சுண்ணாம்பு நின்றது.

நிழலுக்குக் கொடி படர விடலாம் என்பது அடுத்த எண்ணம். வானத்தைப் பார்த்து நின்ற கம்பிகளைப் பந்தற்கால்கள் ஆக்கினார். ஒன்றையும் வெட்டவில்லை, வளைக்கவில்லை. கம்பிக்குக் கம்பி கயிறு இழுத்து வலை மாதிரிப் பின்னினார். பஸீஹா ஏணியைப் பிடித்துக்கொள்ள இவர் ஏறிக் கட்டினார். பெஷன் ஃப்ரூட் கொடியை ஏற்றினார், அழகாகப் படர்ந்தது. காய் பிடித்ததும் குரங்குக் கூட்டம் வந்தது. ஒரு காலைக்குள் பழம், பூ, இலை, கயிறு எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டுப் போயின. பிய்ந்த கொடிக்கு நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றவரைப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்தது. விட்டுவிடுங்கள் தாத்தா என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, மலைப்பக்கம் ஓடும் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஷைத்தானுகள் வாயில வெக்காத சாமான் என்ன ஈக்கி டீச்சர்?" என்று கேட்டார்.

பாவக்காய்!

தை மழை ஓய்ந்ததும் விதை போட்டார். கடையில் மிஞ்சிக் கிடந்த பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி ஸ்லாப்பின் ஓரமெல்லாம் வைத்தார். கீழே மேற்குச் சுவரோரமும் நட்டு, நிலத்திலிருந்து மேலே கம்பி வரைக்கும் தும்புக் கயிறு இழுத்தார். சுவரை ஒட்டி இல்லை, ஒரு முழம் தள்ளி. "இலைக்கும் சுவருக்கும் நடுவால காத்துப் போகோணும். ஒட்டினா அது நெழலில்ல, போர்வ" என்றார். அழகர் பாஸ் திரும்ப வந்து, அறையின் வடக்குச் சுவரில், ஸ்லாப்புக்குச் சற்றுக் கீழே ஒரு வரிசைக் கல்லை எடுத்துவிட்டு ஓட்டைக் கற்களை வைத்தார். மேலே சேரும் சூடு அதனால் வெளியே போகும். "நல்ல செவுத்த ஒடைக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதாம்மா" என்று புலம்பிக்கொண்டேதான் உடைத்தார்.

அதன் பிறகு வீட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. வெயில் ஏறுமுன் ஜன்னல்கள் எல்லாம் சாத்த வேண்டும். பொழுது சாய்ந்து வெளியே குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்து விடிய விடிய விட வேண்டும். சந்தில் இருக்கிற நாங்கள் செய்வது இதற்கு நேர்மாறு. நுளம்பு கடிக்காமல் ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று, கள்ளன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பாவக்கா குடுத்து அனுப்புறேன்" என்றார். செய்யக்கூடியவர்தான். நோன்பு மாதம் பிறந்தபோது ஸ்லாப் முழுக்கப் பச்சை, சுவர் முழுக்கப் பச்சை, சந்து முழுக்க எல்லார் வீட்டுச் சட்டியிலும் பாவக்காய். நோன்பு திறக்கும் நேரத்துக் கஞ்சியோடு எனக்கு ஒரு கிண்ணம் வரும், கூடவே பாவக்காய்ச் சம்பலும் வரும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயனில்லை.

போன சனிக்கிழமை றலியா வேனோடு வந்தாள். எரிக்கிற வெயில். தகப்பனின் உடுப்பு வைக்கப் பெரிய பேக் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். "டீச்சர், நீங்க சாட்சி, வாங்க" என்று மதிலுக்கு மேலால் கூப்பிட்டார் தாத்தா. நான் கால் கழுவிக்கொண்டு போய் நின்றேன். நாங்கள் அறைக்குள் நுழைந்ததும் ஃபேன் தடுமாறி நின்றது. கரண்ட் போய்விட்டது. றலியா தாயைப் பார்த்தாள். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு மனதுக்குள் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன், முஸ்லிம் வீட்டுக்காக என்றால் பிள்ளையார் மறுக்கமாட்டார். ஜன்னல் இடுக்கில் பாவக்காய் இலைகள் பச்சையாகத் தெரிந்தன. சகீனா தாத்தா வழக்கம் போலப் புறங்கையைச் சுவரில் வைத்தார், எடுக்கவில்லை.

மூன்று மணி ஆகியது. முதலாளி கண்மூடிக் கிடந்தார். றலியா குனிந்து தகப்பனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், வியர்வை இல்லை போலும், கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. மூன்றரையை நெருங்கும்போது அவருடைய இடது கை அசைந்தது. மோதிரக் கை. மெல்ல மேலே எழும்பியது. பேக்கைப் பிடித்திருந்த றலியாவின் விரல்கள் இறுகின. இத்தனை நாளும் நிமிர்ந்து நின்ற மனுஷி, சகீனா தாத்தா, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

கை சுவருக்குப் போகவில்லை. மார்பைத் தடவி, வயிற்றைத் தடவி, இடுப்பளவில் கிடந்த போர்வையின் ஓரத்தைத் தேடிப் பிடித்தது. பிடித்து மெல்ல மெல்லக் கழுத்துவரை இழுத்தது.

"உம்மா, கண்ணத் தொறங்க" என்றாள் றலியா.

தாத்தா கண்ணைத் திறந்து பார்த்தார். போர்வை இடது பக்கம் மட்டும்தான் ஏறியிருந்தது. வலது பக்கம், செயலற்ற கையின் கீழ் மாட்டிக்கொண்டு இடுப்பிலேயே கிடந்தது. கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். உயிரற்ற கையை இரண்டு கைகளாலும் பக்குவமாகத் தூக்கி, போர்வையை உருவிக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கையை அதற்குள்ளே வைத்து மூடினார்.