மரவள்ளித் தழை

முப்பது வருஷமாக நான் ஒரு மாட்டைக் கொன்றவளாக இருந்தேன். அதுவும் சினை மாடு. ஆகவே இரண்டு உயிர்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். அடுத்த வீட்டு அத்தை எங்களுக்கு உறவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தையாகிவிட்டவர். அவருடைய செவலைப் பசு என் கையால் கடலைக்கொடி தின்று பழகியது. அப்பாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்து நாங்கள் ஊரைக் காலி செய்வதற்கு முந்தின நாள், தெருவில் ஆளுக்கு ஆள் எங்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். மாட்டுக்கு நான் விருந்து வைக்க வேண்டாமா? எட்டு வயதில் எனக்கு நியாயம் பேசச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அது மரவள்ளி பிடுங்குகிற சமயம். கிழங்கை எடுத்துக்கொண்டு பச்சைத் தழையை வரப்பில் குவித்திருந்தார்கள். அது மாட்டுக்கு விஷம் என்று எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அதே செடியின் கிழங்கை நாங்கள் தினம் அவித்துத் தின்றுவிட்டு நன்றாகத்தானே இருக்கிறோம்? பெரியவர்கள் சும்மா பயம் காட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, இரண்டு கையாலும் அள்ளிப் போய்க் கொட்டகையில் போட்டேன். பசு ஒரு இலை மிச்சம் வைக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் மாடு நுரை தள்ளிக் கீழே விழுந்துவிட்டது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. யாரோ வெல்லத்தைக் கரைத்து அதன் வாயில் ஊற்றினார்கள். யாரோ மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஓடினார்கள். "பச்சத் தழய எவன்டா போட்டது?" என்று அத்தையின் வீட்டுக்காரர் கத்தியது, வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்திருந்த எனக்குக் கேட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். பஸ் நகரும்போது அத்தை கொண்டை அவிழ, கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். என்னைப் பிடிக்கத்தான். சட்டென்று சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டேன். பஸ் நிற்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு மாடு என்ன ஆயிற்று என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வேனே. அப்பா ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு வயிற்று வலி வந்தது. கல்யாணம் ஆன பிறகும் தவறாமல் வந்தது.

போன மாதம் பிள்ளைகள் கரியாலூர் அருவியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மலை ஏறுவதற்கு முன்னால் என் கணவர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் காரை ஊருக்குள் திருப்பிவிட்டார். அத்தை வாசலில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தார். கண்ணை இடுக்கிப் பார்த்து, "நம்ம பாப்பாவா? வூட்டுக்குள்ள வா" என்றார். எனக்கு உள்ளே போகும்வரை பொறுக்கவில்லை. பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"அத்த, அன்னிக்கு உங்க மாட்டுக்குத் தழ போட்டது நான்தான்."

"தெரியுமே. உன் கவுனு பூரா மரவள்ளிப் பாலு. நான் பாக்கலியா இன்னா?"

"மாடு செத்துப்போச்சே அத்த."

"யாரு சொன்னது? விடியறதுக்குள்ள எழுந்து நின்னுக்கினு ஒரு தொட்டி தண்ணிய குடிச்சிது. அப்புறம் ஏழு கன்னு போட்டுது."

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை சந்தோஷத்தை நான் எந்தப் பரீட்சை பாஸானபோதும் அனுபவித்ததில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் என் மகள் எதற்கோ பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

அத்தைதான் பேசிக்கொண்டிருந்தார். "கொழந்த பயந்துக்கினு போவுதே, மாடு பொழச்சிக்கிச்சின்னு சொல்லி அனுப்பலாம்னு பஸ்ஸாண்ட ஓடியாந்தேன். உன் தலையே தெரியல."

துரத்துகிறவர்கள் மட்டும்தான் அப்படி மூச்சிரைக்க ஓடிவருவார்கள் என்று, சீட்டுக்கு அடியில் கிடந்த அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது.